குரல் ஏன் இடது காதில் மட்டும் கேட்கிறது? மோனோ, ஸ்டீரியோ ட்ராக்குகளைக் கையாளும் வழி

மைக்கைச் செருகி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, ஒரு முழுப் பாட்டையும் உருகி உருகிப் பாடி முடித்து, ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் இடது காதில் மட்டும் வருகிறது, வலது காதில் ஒன்றுமே இல்லை. வீட்டில் ரெக்கார்டிங் ஆரம்பித்தவர்களில் பாதிப் பேராவது இதில் ஒரு முறை விழுந்திருப்பார்கள். எனக்கு நடந்தபோது முதலில் ஹெட்ஃபோனைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் கேபிளை, அப்புறம் இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியை. எல்லாவற்றையும் கழற்றி மாட்டி ஒரு மாலைப் பொழுதை வீணடித்த பிறகுதான் புரிந்தது, எதுவும் கெட்டுப்போகவில்லை, ஒற்றை மைக்கை ஸ்டீரியோ ட்ராக்கில் பதிவு செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். சாதாரண இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட் இருக்கும். மென்பொருளில் ஸ்டீரியோ இன்புட் என்று தேர்ந்தெடுத்தால் முதல் இன்புட்டை இடது பக்கமாகவும் இரண்டாவதை வலது பக்கமாகவும் அது எடுத்துக்கொள்ளும். மைக் முதல் இன்புட்டில் இருக்கிறது, இரண்டாவதில் எதுவும் செருகவில்லை. மென்பொருள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் காலியாக இருக்கும் இன்புட்டையும் ஒழுங்காகப் பதிவு செய்து வலது பக்கத்தில் வைத்துவிடும்.

மோனோ என்றால் ஒரே ஒரு சேனல். ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு சேனல், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது வேறுபட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு சேனல் இருக்கிற ஃபைல் எல்லாம் ஸ்டீரியோ ஆகிவிடாது. இரண்டிலும் அச்சு அசலாக ஒரே ஒலி இருந்தால் காதுக்கு அது மோனோதான், நடு மையத்தில் இருந்துதான் கேட்கும். மோனோ ட்ராக்கில் வைத்தாலும் அதே இடத்தில் அப்படியேதான் கேட்கப்போகிறது, எனவே ஸ்டீரியோ ட்ராக்கில் பாடினால் குரல் பெரிதாக, அகலமாக ஆகிவிடும் என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடலாம்.

ரெக்கார்ட் அழுத்துவதற்கு முன்

எதை மோனோவில் எடுப்பது, எதை ஸ்டீரியோவில் எடுப்பது என்று குழம்பினால், அந்த ஒலி எத்தனை வழியாக இன்டர்ஃபேஸுக்குள் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மைக் என்றால் ஒரு வழி, மோனோ. எலெக்ட்ரிக் கிட்டாரில் இருந்து ஒரு கேபிள்தான் வரும், மோனோ. பேஸ் கிட்டாரும் அப்படியே. கீபோர்டில் இடது, வலது என்று இரண்டு அவுட் இருக்கும், இரண்டையும் இரண்டு இன்புட்டில் செருகினால் ஸ்டீரியோ. ஒரே கேபிள்தான் இருக்கிறது என்றால் கீபோர்டின் பின்புறம் பாருங்கள், இரண்டில் ஒரு அவுட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மோனோ என்றும் அச்சடித்திருப்பார்கள். அதில் மட்டும் செருகினால் கீபோர்டே இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒன்றாகத் தந்துவிடும். தவறிப்போய் மற்றதில் மட்டும் செருகினால் பியானோ ஒலியின் பாதிதான் கிடைக்கும், அது ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறது என்று ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்யூவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

யு.எஸ்.பி. மைக்குகளில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. சில மைக்குகள் உள்ளே ஒலியைப் பிடிக்கும் கேப்ஸ்யூல் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு கணினியிடம் இரண்டு சேனலாகக் காட்டிக்கொள்ளும், இரண்டிலும் ஒரே ஒலி. காதுக்குப் பிரச்சினை எதுவும் தெரியாது, ஃபைல் மட்டும் இரண்டு மடங்காக ஊதிப்போயிருக்கும். அதையும் மோனோவாகவே எடுங்கள்.

கேபிள் விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆளைப் பைத்தியமாக்கக்கூடியது. ஃபோனில் இருந்தோ கீபோர்டின் ஹெட்ஃபோன் துளையில் இருந்தோ, பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஒரே கேபிளை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால், பார்வைக்கு எல்லாம் பொருந்தும், ஆனால் பாட்டில் பாடகரின் குரல் காணாமல் போய்விடும், பேஸ் ஒலியும் பெரும்பாலும் போய்விடும், ஏதோ கிணற்றுக்குள் இருந்து ரிவர்ப் (எதிரொலி) மட்டும் வருகிற மாதிரி கேட்கும். ஹெட்ஃபோன் துளைக்கு அந்தப் பிளக்கின் மூன்று பகுதிகளும் இடது, வலது, எர்த். இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட்டோ அதே மூன்றை ஒரே மோனோ ஒலியின் நேர், எதிர், எர்த் என்று எடுத்துக்கொண்டு ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துவிடும். இடது கழித்தல் வலது. இரண்டு பக்கத்திலும் சமமாக இருக்கிற நடு ஒலி எல்லாம் கழிந்து பூஜ்ஜியமாகிறது, மிச்சம் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். இதற்கு வேண்டியது ஒரு முனையில் ஸ்டீரியோ பிளக்கும் மறு முனையில் இரண்டு மோனோ பிளக்கும் உள்ள ஒய் கேபிள். இரண்டையும் இரண்டு இன்புட்டில் செருகி ஸ்டீரியோ ட்ராக்கில் எடுத்தால் முடிந்தது.

மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் இடம்

இங்கேதான் கையேடுகள் குழப்புகின்றன, ஏனென்றால் ட்ராக் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறது. ப்ரோ டூல்ஸ், க்யூபேஸ் போன்றவற்றில் புது ட்ராக் உருவாக்கும்போதே அது மோனோவா ஸ்டீரியோவா என்று கேட்டுவிடும், நீங்கள் சொன்னபடி அதற்கு ஏற்ற இன்புட்டைத்தான் காட்டும். ப்ரோ டூல்ஸில் ஸ்டீரியோ ட்ராக்குக்கு இரண்டு பேன் குமிழ் (ஒலியை இடது, வலது பக்கம் தள்ளும் குமிழ்) இருக்கும், ஒன்று முழு இடதிலும் மற்றது முழு வலதிலும் நிற்கும், அது கோளாறு இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அழகாக இருக்குமே என்று இரண்டையும் மையத்துக்குத் திருப்பினால் ஸ்டீரியோ மோனோவாகிவிடும்.

ரீப்பர், ஏபிள்டன் லைவ், எஃப்.எல். ஸ்டூடியோ ஆகியவற்றில் ட்ராக்கை உருவாக்கும்போது இந்தக் கேள்வியே வராது. அங்கே ட்ராக் எப்போதும் குறைந்தது இரண்டு சேனல் கொண்ட குழாய் மாதிரி, அதற்குள் எதை ஊற்றுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. எனவே தேர்வு இன்புட்டில் நடக்கிறது. ரீப்பரில் ட்ராக்கின் ரெக்கார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்புட் பட்டியலைத் திறந்தால் மோனோ இன்புட், ஸ்டீரியோ இன்புட் என்று தனித்தனிப் பிரிவு இருக்கும். மோனோவின் கீழ் உள்ள இன்புட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வட்டில் எழுதப்படும் ஃபைல் மோனோ, ட்ராக் மட்டும் இரண்டு சேனலாகவே இருக்கும், குரல் இரண்டு காதிலும் கேட்கும். ஏபிள்டனில் ஆடியோ ஃப்ரம் என்ற இடத்தில் ஒன்று, இரண்டு என்று தனித்தனியாகவும், ஒன்று-சாய்கோடு-இரண்டு என்று சேர்ந்தும் காட்டும், சேர்ந்தது ஸ்டீரியோ. தனி எண்கள் அங்கே தெரியவே இல்லை என்றால் செட்டிங்ஸின் ஆடியோ பக்கத்தில் இன்புட் கான்ஃபிக் என்பதற்குள் போய் மோனோ இன்புட்களை ஆன் செய்ய வேண்டும்.

லாஜிக், கராஜ்பேண்ட் இரண்டிலும் ஒரு சின்ன வட்டக் குறி இருக்கும். ஒற்றை வட்டம் மோனோ, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரட்டை வட்டம் ஸ்டீரியோ. கிளிக் செய்தால் மாறும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை இவ்வளவு சின்னதாக ஒளித்து வைத்திருப்பது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை, தெரியாமல் விரல் பட்டு மாறினால் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

ஆடாசிட்டியில் பதிவுக்கு முன்பே ஆடியோ செட்அப் பட்டனில் ரெக்கார்டிங் சேனல்ஸ் என்ற இடத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று சொல்ல வேண்டும். ஒன்று என்றால் மோனோ. அது போதும்.

ஏற்கெனவே தவறாகப் பதிவாகிவிட்டால்

திரும்பப் பாட வேண்டியதில்லை, பதிவு ஒரு பக்கத்தில் முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு ஸ்டீரியோவை மோனோவாக மாற்று என்ற கட்டளையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பொதுவாக இரண்டு பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும். ஒரு பக்கம் காலி என்றால் குரலும் காலியும் கூட்டி இரண்டால் வகுபட்டு, குரல் 6 டெசிபல் குறைந்து வரும், கூடவே காலி இன்புட்டில் இருந்த கொஞ்சம் இரைச்சலும் இலவசமாகச் சேர்ந்துகொள்ளும். நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலிப் பக்கத்தைத் தூக்கிப் போடுவதுதான் சரி.

ஆடாசிட்டியில் ட்ராக்கின் பெயர் இருக்கும் இடத்தில் திறக்கும் மெனுவில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ ட்ராக், ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ என்று இரண்டு இருக்கும். முதலாவது பிரித்துவிட்டு ஒன்றை முழு இடதிலும் மற்றதை முழு வலதிலும் அப்படியே விட்டுவிடும், எனவே உங்கள் குரல் பிரித்த பிறகும் இடது காதில்தான் இருக்கும். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது, பிரித்து இரண்டையும் நடுவில் வைக்கும். காலியாக இருக்கும் ட்ராக்கை நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். ரீப்பரில் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் அதன் பண்புகள் திறக்கும், சேனல் மோட் என்ற இடத்தில் மோனோ, இடது என்று வைத்தால் போதும், ஃபைலைத் தொடவே தொடாது, எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏபிள்டனில் யூட்டிலிட்டி என்ற கருவியைப் போட்டு இடது பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லலாம். ப்ரோ டூல்ஸில் ட்ராக் மெனுவில் ஸ்ப்ளிட் இன்டு மோனோ இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தேவையும் வரும், அதாவது கீபோர்டின் இரண்டு பக்கமும் இரண்டு மோனோ ட்ராக்காகப் பதிவாகிவிட்டது, ஒன்றாக்க வேண்டும். ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் பேன் செய்து, இரண்டையும் ஒரு குழுவில் போட்டுவிட்டாலே அது ஸ்டீரியோதான், ஃபைலை ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆடாசிட்டியில் ஒட்ட வேண்டும் என்றால் மேலே இருக்கும் ட்ராக் இடதாகவும் அதற்கு அடுத்துக் கீழே இருப்பது வலதாகவும் போகும், வரிசையைப் பார்த்துவிட்டு மேக் ஸ்டீரியோ ட்ராக் கொடுங்கள்.

வேறு யாரோ அனுப்பிய ஃபைல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சேனல் காட்டுகிறது, உண்மையிலேயே ஸ்டீரியோவா? அலைவடிவத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், கண்ணை நம்ப முடியாது. இரண்டு பக்கத்தையும் தனித்தனி மோனோவாகப் பிரித்து, இரண்டையும் நடுவில் வைத்து, ஒன்றை மட்டும் தலைகீழாக்குங்கள். இன்வர்ட் என்றோ போலாரிட்டி என்றோ குறுக்குக்கோடு போட்ட வட்டமாகவோ அந்தப் பட்டன் இருக்கும். இப்போது ப்ளே செய்தால் சத்தமே வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றேதான், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். ஏதாவது கேட்டால், கேட்கிற அதுதான் அந்த ஃபைலின் ஸ்டீரியோ பகுதி.

இதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று பதிவு செய்தால் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. பிடிக்கும், ஸ்டீரியோ 17.3 எம்.பி. நான்கு நிமிடப் பாட்டில் குரலைப் பத்து டேக், அதாவது பத்து முறை, பாடினால் 346 எம்.பி.யா 691 எம்.பி.யா என்பதுதான் வித்தியாசம். இன்றைய வட்டுகளுக்கு இது பெரிய விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ப்ளகின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் ஒலிக் கருவி) ஸ்டீரியோவில் இரண்டு சேனலுக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பழைய லேப்டாப்பில் முப்பது ட்ராக் ஆகும்போது அது நன்றாகவே உறைக்கும்.

மோனோவாக்கியதும் சத்தம் குறைந்துவிட்டதே?

பல மென்பொருள்களில் ஸ்டீரியோ ட்ராக்கில் இருந்த அதே ஒலியை மோனோ ட்ராக்குக்கு மாற்றினால் கொஞ்சம் சத்தம் குறைகிறது. ஃபைல் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், இது பேன் லா என்ற விதி செய்கிற வேலை. மோனோ ஒலி நடுவில் இருக்கும்போது இரண்டு ஸ்பீக்கரும் அதை ஒலிக்கின்றன, ஓரத்துக்குத் தள்ளும்போது ஒரே ஸ்பீக்கர்தான். எதுவும் செய்யாமல் விட்டால் நடுவில் இருக்கும்போது சத்தம் தூக்கலாகவும் ஓரத்தில் அமுங்கியும் கேட்கும். அதைச் சமன் செய்ய நடுவில் இருக்கும்போது 3 டெசிபல் குறைத்துக்கொடுப்பது பரவலான வழக்கம், 4.5, 6 என்றும் சில இடங்களில் வைத்திருப்பார்கள். ரீப்பர் தொடக்கத்தில் எதையும் குறைக்காமல் 0 என்று வைத்திருக்கும், ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். எதை வைத்தாலும் பரவாயில்லை, மிக்ஸின் பாதியில் மட்டும் மாற்றாதீர்கள், உட்கார்ந்து சரிசெய்த எல்லா ஃபேடரும் (சத்த அளவும்) அர்த்தமில்லாமல் போய்விடும். ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் ப்ராஜெக்டைக் கொண்டுபோனால் பேலன்ஸ் கலைந்து தெரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பேன் குமிழைப் பற்றி இன்னொன்று. மோனோ ட்ராக்கில் அது ஒலியை நகர்த்துகிறது. ஸ்டீரியோ ட்ராக்கில் பல மென்பொருள்களில் அது வெறும் பேலன்ஸ், அதாவது இடது பக்கம் திருப்பினால் வலது பக்க ஒலி இடதுக்கு வராது, சும்மா அமுங்கிப்போகும். பியானோவின் மேல் சுரங்கள் வலது பக்கத்தில் பதிவாகியிருந்தால் இடதுக்குத் திருப்பியதும் அவை காணாமல் போகும். லாஜிக்கில் பேன் குமிழை வலது கிளிக் செய்து ஸ்டீரியோ பேன் என்று மாற்றிக்கொள்ளலாம், ரீப்பரிலும் அதேபோல வலது கிளிக்கில் மாற்றலாம். மாற்றிவிட்டால் முழு அகலத்தையும் சுருக்கி ஒரு பக்கமாக வைக்க முடியும். நிறையக் கருவிகள் உள்ள பாட்டில் பியானோவை இப்படிச் சுருக்கி ஓரமாக உட்காரவைத்தால் குரலுக்கு இடம் கிடைக்கும்; எல்லாவற்றையும் ஸ்டீரியோவாக முழு அகலத்துக்கு விரித்தால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கடைசியில் எதுவுமே அகலமாகத் தெரியாது.

அகலம் வேண்டும் என்று செய்யும் கோளாறுகள்

ஒற்றைக் கிட்டாரைப் பதிவு செய்துவிட்டு, அதை அப்படியே காப்பி எடுத்து ஒன்றை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் தள்ளினால் பெரிய ஸ்டீரியோ கிட்டார் கிடைக்கும் என்று எல்லோரும் ஒரு முறை முயல்வோம். கிடைக்காது. இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலி என்றால் அது நடுவில் இருக்கும் மோனோ, கொஞ்சம் சத்தமாக, அவ்வளவே. நிஜமான வழி சலிப்பான வழி: அதே பகுதியை இரண்டாவது முறை வாசியுங்கள். இரண்டு முறையும் எவ்வளவு ஒன்றாக வாசித்தாலும் விரல் படும் நேரத்திலும் அழுத்தத்திலும் சின்னச் சின்ன வேறுபாடு வரும், அந்த வேறுபாடுதான் காதில் அகலமாக விரிகிறது. இரண்டு மோனோ டேக், ஒன்று இடது, ஒன்று வலது. பின்னணிக் குரலுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது முறை வாசிக்க முடியாத நிலைமையில், காப்பியைச் சில மில்லி விநாடி தள்ளி வைக்கும் தந்திரம் ஒன்று இருக்கிறது. முந்தி வரும் ஒலியின் பக்கத்தில்தான் ஒலி இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் எழுதிய ஆய்வில் விளக்கியிருந்தார், அவர் பெயரில்தான் இதை இன்றும் சொல்கிறார்கள். ஹெட்ஃபோனில் பிரமாதமாக விரியும். ஆனால் அதையே மோனோவில் கேட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும்: ஒரு ஒலியும் 1 மில்லி விநாடி தாமதமான அதன் காப்பியும் சம அளவில் கூடினால் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ், 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழும், அதாவது அந்த இடங்களில் ஒலி அடிபட்டுப்போகும், சீப்பின் பற்கள் மாதிரி. தாமதத்தைக் கூட்டினால் ஓட்டைகள் இன்னும் நெருக்கமாக வரும். கிட்டார் தகர டப்பாவுக்குள் போன மாதிரி கேட்பது இதனால்தான். நான் இந்தத் தந்திரத்தை இப்போது பயன்படுத்துவதே இல்லை, பின்னணியில் எங்கோ வந்துபோகும் ஒலி என்றால் மட்டும் சில சமயம்.

இதே ஓட்டைப் பிரச்சினை இரண்டு மைக் வைக்கும்போது தானாக வந்து சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது 34 சென்டிமீட்டருக்கு 1 மில்லி விநாடி. அகூஸ்டிக் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக்கை 20 சென்டிமீட்டரிலும் இன்னொன்றை 54 சென்டிமீட்டரிலும் வைத்தால் மேலே சொன்ன அதே 1 மில்லி விநாடி இடைவெளி கிடைத்துவிடும். இரண்டையும் தனித்தனி மோனோ ட்ராக்காகப் பதிவு செய்யுங்கள், அப்போதுதான் பிறகு ஒன்றை நகர்த்தவோ தலைகீழாக்கவோ முடியும். கேட்கும்போது இரண்டையும் நடுவில் வைத்து, ஒன்றின் போலாரிட்டி பட்டனை அழுத்தி அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடி ஒலி தடித்துக் கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டு அப்புறம் பேன் செய்யுங்கள். முதலிலேயே இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிட்டால் கோளாறு ஹெட்ஃபோனில் தெரியவே தெரியாது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் இரண்டு மைக்கின் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, தொடாமல், ஒரே புள்ளியில் 90 பாகையில் குறுக்காக வையுங்கள். இரண்டுக்கும் ஒலி ஒரே நேரத்தில் சேர்வதால் மோனோவில் கூட்டினாலும் ஓட்டை விழாது. ஒரே புள்ளியில் இரண்டு மைக்கைத் திசை மாற்றி வைத்து ஸ்டீரியோ எடுக்கும் யோசனை 1931இல் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் பிரிட்டனில் விண்ணப்பித்த காப்புரிமையிலேயே இருக்கிறது. இப்படி எடுப்பதை ஒரே ஸ்டீரியோ ட்ராக்கில் போடலாம், பிரித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை, இரண்டு இன்புட்டின் கெயின் குமிழும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ப் எங்கே போவது

குரல் மோனோ என்றால் ரிவர்பும் மோனோவாகிவிடுமே என்று பயந்து சிலர் குரலை ஸ்டீரியோவில் எடுக்கிறார்கள். தேவையே இல்லை. குரல் ட்ராக் மோனோவாக இருக்கட்டும், தனியாக ஒரு ஸ்டீரியோ ஆக்ஸ் ட்ராக் (மற்ற ட்ராக்குகளின் ஒலியை வாங்கிக்கொள்ளும் துணை ட்ராக்) வைத்து அதில் ரிவர்பைப் போட்டு, குரலில் இருந்து அதற்கு செண்ட் கொடுங்கள், அதாவது குரலின் ஒரு பகுதியை அங்கே அனுப்புங்கள். குரல் நடுவில் உறுதியாக நிற்கும், எதிரொலி மட்டும் இரண்டு பக்கமும் விரியும். ட்ராக்கிலேயே நேராகப் போட வேண்டும் என்றால் லாஜிக், ப்ரோ டூல்ஸ் போன்றவற்றில் ப்ளகின் மெனுவில் மோனோவில் நுழைந்து ஸ்டீரியோவாக வெளிவரும் வகை தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ரீப்பர் மாதிரி எப்போதும் இரண்டு சேனல் ஓடும் இடத்தில் இந்தக் கவலையே கிடையாது. இன்னொரு பக்கம், கிட்டார் ஆம்ப் சிமுலேட்டர்கள் (ஆம்ப்ளிஃபையர் மாதிரி ஒலிக்கவைக்கும் ப்ளகின்கள்) சிலவற்றுக்கு உள்ளே போவது மோனோவாக இருக்க வேண்டும். இடதில் மட்டும் ஒலி உள்ள ஸ்டீரியோ ஃபைலைக் கொடுத்தால் சத்தம் பாதியாகி, டிஸ்டார்ஷன் எதிர்பார்த்த அளவுக்கு வராது. கெயினைக் கூட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மோனோவில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்

மாஸ்டர் ட்ராக்கில் மோனோ பட்டன் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரீப்பரில் மாஸ்டரிலேயே இருக்கிறது, ஏபிள்டனில் யூட்டிலிட்டியில் இருக்கிறது, எஃப்.எல். ஸ்டூடியோவில் மிக்ஸரின் ஸ்டீரியோ செபரேஷன் குமிழை மெர்ஜ் பக்கம் முழுக்கத் திருப்பலாம். கேட்கிறவர்களில் ஒரு பகுதியினர் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ, ஃபோனின் ஸ்பீக்கரிலோ, ஒரு காதில் மட்டும் மாட்டிய இயர்ஃபோனிலோதான் கேட்கப்போகிறார்கள். மோனோவுக்கு மாற்றும்போது மிக்ஸ் கொஞ்சம் குறுகினால் பரவாயில்லை, அது இயல்பு. ஏதாவது ஒரு கருவி திடீரென மறைந்தாலோ, மெலிந்தாலோ அந்த ட்ராக்கில்தான் கோளாறு, பெரும்பாலும் ஸ்டீரியோ வைட்னர் ப்ளகின் அளவுக்கு மீறித் திருகப்பட்டிருக்கும். இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள், பிளஸ் 1 என்றால் சுத்த மோனோ, 0 பக்கம் போகப் போக அகலம், மைனஸ் பக்கத்திலேயே முள் தங்கிவிட்டால் மோனோவில் அந்த ஒலி மெலியும் அல்லது காணாமல் போகும். பேஸ் கிட்டார், கிக் டிரம் இரண்டையும் நான் எப்போதும் மோனோவாக நடுவில்தான் வைக்கிறேன், அடி ஒலியின் திசையைக் காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது, இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து சுமக்கும்போது திடமாகவும் இருக்கிறது.

வெளியே அனுப்பும்போது

பாட்டு என்றால் ஸ்டீரியோவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், யோசிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் பேசும் ஒலிப்பதிவு என்றால் மோனோவே போதும், 64 கே.பி.பி.எஸ். மோனோ எம்.பி.3இல் ஒரு சேனலுக்குக் கிடைக்கும் இடம் 128 ஸ்டீரியோவில் ஒரு சேனலுக்குக் கிடைப்பதுதான், ஃபைல் மட்டும் பாதி. எக்ஸ்போர்ட் ஜன்னலில் சேனல்ஸ் என்ற இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள், போன முறை மோனோ வைத்தது அப்படியே நின்றிருந்தால் உங்கள் பாட்டும் மோனோவாகப் போய்விடும். இருவர் உரையாடலில் ஒருவரை முழு இடதிலும் மற்றவரை முழு வலதிலும் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு காதில் மட்டும் கேட்பவருக்கு யாரோ தன்னந்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

மிக்ஸ் செய்ய வேறொருவருக்கு ட்ராக்குகளைத் தனித்தனியாக அனுப்புவதாக இருந்தால், மோனோவாகப் பதிவானதை மோனோவாகவும் ஸ்டீரியோவாகப் பதிவானதை ஸ்டீரியோவாகவும் கொடுங்கள். மென்பொருள் எல்லாவற்றையும் ஸ்டீரியோவாகவே ரெண்டர் செய்யும் பழக்கம் உள்ளது என்றால் முதலில் பேனை எல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ரெண்டர் ஜன்னலில் மோனோ ட்ராக்கை மோனோவாகவே எழுதும் தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள், ரீப்பரில் மோனோ ஸ்டெம்மாக (தனி ட்ராக்காக) ரெண்டர் செய்யும் கட்டளை ட்ராக் மெனுவிலேயே உண்டு. ஒரு முறை நான் இருபத்திரண்டு ட்ராக்கையும் அப்படியே ஸ்டீரியோவாக அனுப்பிவைத்தேன், மிக்ஸ் செய்கிறவர் அவற்றில் பதினாறை உட்கார்ந்து மோனோவாக மாற்றிவிட்டு, அந்தப் பதினாறின் பெயரையும் ஒரு பட்டியலாக எழுதி எனக்கே திருப்பி அனுப்பினார், வேறு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஃபைல் பெயரிலேயே மோனோ, ஸ்டீரியோ என்று எழுதிவிடுகிறேன்.